வயிற்றுப் புண்ணும் மணத்தக்காளியும்



பம்பு, வால்வு பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் என் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. அம்மா மணத்தக்காளிக் கீரை கொடுத்தார். நானாகப் பால் குடித்தேன். குடித்ததும் சுகம், சிறிது நேரத்தில் பழையபடி எரிச்சல். பாலின் புரதமும் கால்சியமும் அமிலத்தை மேலும் சுரக்க வைக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் மலம் தார் போலக் கறுத்தது. கீரை சாப்பிட்டதால்தான் என்று விட்டுவிட்டேன் பாருங்க! சைட்டில் மயங்கி விழுந்த பிறகுதான், உள்ளே ரத்தம் கசிவது தெரிந்தது.

காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982-இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தே பார்த்தார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

எனக்கு 14 நாள் மாத்திரையில் கிருமி போனது. அப்புறம்தான் சாப்பாட்டுக்கு வேலை. புண் ஆறப் புரதமும் துத்தநாகமும் வேண்டும்: முட்டை, மீன், பயறு, நிலக்கடலை. இழந்த ரத்தத்துக்கு இரும்புச்சத்து. கீரையோடு நெல்லிக்காய் சேர்த்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

தலைவலி மாத்திரையை அடிக்கடி போடுகிற தம்பிகளே, அதில் பலவும் குடலில் புண் உண்டாக்கும். மலம் கறுத்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

அம்மா இன்னும் மணத்தக்காளி வற்றல் அனுப்புகிறார். குழம்பு வைத்துச் சாப்பிடுகிறேன், ருசிக்காக.