செவிக்கு இனிமையும் தலைக்குச் சுகமும்

ஒலியைக் கேட்பதற்கென மனிதன் ஆக்கிய கருவிகளுள், உடலோடு ஒட்டிநின்று தொழில் செய்வது ஹெட்போன். ஒலிபெருக்கி அறையின் ஒரு மூலையில் நின்று பேசுகின்றது. கேட்பவர் அதன் எதிரே அமரலாம், எழுந்து உலாவலாம், அடுத்த அறைக்கும் செல்லலாம். ஹெட்போனோ கேட்பவரின் தலைமேல் ஏறி அமர்ந்து, இரு செவிகளையும் பற்றிக்கொண்டு, அவர் செல்லுமிடமெல்லாம் உடன் செல்கின்றது. ஆதலால் ஒலி நன்றாயிருக்கின்றதா என்னும் வினாவோடு, அணிந்திருக்கச் சுகமாயிருக்கின்றதா என்னும் வினாவும் இங்கே சேர்ந்தே எழுகின்றது. இதனை வாங்கச் செல்வோர் பலர் இவ்விரண்டையும் வெவ்வேறாக எண்ணி, ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்று கருதுகின்றனர். காதை முழுவதும் மூடி நிற்கும் பெரிய ஹெட்போன்களை ஒப்புநோக்கினால், ஒலியும் சுகமும் ஒன்றையொன்று பற்றியே நிற்பது புலனாகும்.

இக்கருவியின் கதை வானொலியின் கதையோடு பின்னிக் கிடப்பது. 1910 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நதானியல் போல்ட்வின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். அக்காலத்துக் கிறிஸ்டல் வானொலிப் பெட்டிகளுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் வலு இருக்கவில்லை. அவற்றை வைத்திருந்தோர் ஹெட்போனை மாட்டிக்கொண்டே நிகழ்ச்சிகளைக் கேட்டனர். 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி தொடங்கப்பெற்ற காலமும், உலகின் பல பாகங்களில் அத்தகைய பெட்டிகள் வழங்கிய காலமே. அன்று பேச்சு விளங்கினாற் போதும். இனிமையையும் சுகத்தையும் எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

பின்னர் நிலைமை படிப்படியாக மாறியது. ஜேர்மனியில் ஒய்கன் பேயர் நிறுவிய தொழிலகம் 1937 இல் டி.டி. 48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. ஒலிபெருக்கியிற் போன்றே காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளை அசையச் செய்யும் முறை அதிற் கையாளப்பட்டது. 1958 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ் என்பவர், இரு செவிக்கும் இருவேறு ஒலிகளைத் தரும் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகஞ் செய்தார். அதன் பின்னரே, தந்திக் கந்தோரிலும் கப்பலிலும் பயன்பட்ட இக்கருவி, வீட்டிலிருந்து இசை கேட்போர்க்கும் உரியதாயிற்று. 1968 இல் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்னும் திறந்த வகை ஹெட்போனைக் கொணர்ந்தது. அன்று தொடங்கிய திறந்த வகை, மூடிய வகை என்னும் பிரிவே இன்றும் ஒப்பீட்டின் முதற்படியாக உள்ளது.

பெரும்பாலான ஹெட்போன்களின் உள்ளமைப்பு எளிதானது. காந்தம் ஒன்று நிலையாக இருக்கும். அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, அதனினும் மெல்லிய சவ்வில் ஒட்டப்பட்டிருக்கும். ஒலிக்கேற்ப மாறும் மின்னோட்டம் சுருளிற் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைய, சவ்வும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. சவ்வு முன்னே செல்லும்போது செவிப்புறத்துக் காற்று நெருக்குண்கின்றது. அதே கணத்தில் அதன் பின்புறத்திலும் ஓர் ஒலி பிறக்கின்றது. இப்பின்புற ஒலியை என்ன செய்வது என்பதே அமைப்பாளரின் முன்னுள்ள பெரிய பிரச்சினை.

கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடைத்துவிட்டால் அது மூடிய வகை. வெளியோசை உள்ளே வருவதும் உள்ளோசை வெளியே கசிவதும் குறையும். ஆயின் அடைபட்ட ஒலி கிண்ணத்தின் சுவர்களில் மோதித் திரும்பிச் சவ்வையும் தாக்கக்கூடும். அதனை அடக்கப் பஞ்சு முதலியன வைப்பர். வெளிப்புறத்தை வலைபோலத் துளையிட்டுவிட்டால் அது திறந்த வகை. பின்புற ஒலி தடையின்றி வெளியேறுவதால், இசை தலைக்குள் அடைபட்டதுபோலன்றி, அயலிலே பரந்து நிற்பதுபோலத் தோன்றும். ஆயின் பக்கத்தில் இருப்பவர்க்கும் அது கேட்கும். வீதியின் இரைச்சலும் தங்குதடையின்றி உள்ளே நுழையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது அரைத்திறப்பு வகை.

இம்மூன்று வகைகளுக்கும் நெடுநாட் புகழ்பெற்ற உதாரணங்கள் உள. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 ப்ரோ மூடிய வகை. நிறை ஏறக்குறைய 270 கிராம். சென்ஹைசரின் எச்.டி. 600 திறந்த வகை. 1997 இல் வெளிவந்த அதன் நிறை 260 கிராம். ஒஸ்திரியாவின் வியன்னா நகரிற் பிறந்த ஏ.கே.ஜி. நிறுவனத்தின் கே. 240 அரைத்திறப்பு வகை. 1970 களிலிருந்து பல உருவங்களில் வந்த அதன் ‘ஸ்டூடியோ’ வடிவம் 240 கிராம் நிறையுடையது. நிறையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. ஒலியிலும் அணியும் இயல்பிலும் மூன்றும் மூன்று குணத்தன.

டி.டி. 770 இல் மிருதங்கத்தின் தொப்பியோசை போன்ற தாழ்ந்த ஒலிகள் அழுத்தமாகவும், தாளத்தின் கிணுகிணுப்புப் போன்ற உயர்ந்த ஒலிகள் கூர்மையாகவும் கேட்கும். பாடுபவரின் குரல் சற்றே பின்னடைந்து நிற்கும். எச்.டி. 600 இல் குரலே முன்னிற்கும். வாய்ப்பாட்டும் வயலினும் இயல்பாக ஒலிப்பதற்கு அது பெயர்போனது. மிகத் தாழ்ந்த ஒலிகளோ அதில் மெலிந்துவிடும். கே. 240 இவ்விரண்டுக்கும் நடுவே, நடுத்தர ஒலிகளைத் தெளிவாகக் காட்டி, உயர்ந்த ஒலிகளிற் சிறிது அடக்கமாக நிற்பது. எது சிறந்தது எனக் கேட்டால், எதனை எங்கே கேட்பதற்கு என்று திருப்பிக் கேட்டலே பொருந்தும்.

அணியும் சுகத்தை எடுத்துக்கொள்வோம். டி.டி. 770 இன் மெத்தைகள் வெல்வெட்டுப் போன்ற மென்துணியால் ஆனவை; வட்டமாயும் ஆழமாயும் அமைந்து காதை நெருக்காமல் உள்ளடக்குவன. எச்.டி. 600 இன் மெத்தையும் அத்தகைய துணியே. அது காதின் வடிவுக்கேற்ப நீள்வட்டமாக உள்ளது. ஆயின் புதிதாய் இருக்கும்போது அதன் வளையம் தலையைச் சற்று இறுகவே பற்றும். நாளடைவில்தான் அப்பிடி தளரும். கே. 240 இல் மேலே இரு மெல்லிய வளைவுகளும், அவற்றின் கீழே தானே இழுபட்டு அளவுக்கு வந்து நிற்கும் தோற்பட்டை ஒன்றும் உள. அதனால் தலையின் உச்சியில் ஓரிடத்தில் மட்டும் பாரம் குத்துவதில்லை. ஆனால் அதன் மெத்தை ஆழங் குறைந்தது; பெரிய காதுடையோர்க்குச் செவிமடல் உள்ளே முட்டும்.

நிறையை மட்டும் வைத்துச் சுகத்தை அளவிடுதல் தவறு என்பது இதனால் விளங்கும். 2020 இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் எயார்பொட்ஸ் மெக்ஸ் உலோகக் கிண்ணங்களுடன் 385 கிராம் வரையில் நிறுக்கும். அப்பாரத்தைப் பரப்புவதற்காகவே அதன் உச்சியில் வலைத்துணி விரிக்கப்பட்டுள்ளது. பாரம் உச்சியில் எவ்வளவு இடத்திற் பரவுகின்றது, பக்கங்களில் எவ்வளவு இறுக்கம் உள்ளது, மெத்தை எதனால் ஆனது என்னும் மூன்றும் நிறையோடு சேர்ந்தே சுகத்தைத் தீர்மானிக்கின்றன. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மின்விசிறியின்றி அமர்ந்து கேட்பவர்க்கு நான்காவது ஒன்றும் உண்டு, அது வெப்பம். செயற்கைத் தோல் மெத்தை வியர்வையை வெளியே விடாது; நாட்பட்டால் உரிந்து துகளாக உதிரவுஞ் செய்யும். துணி மெத்தையில் காற்றுப் புகும். ஆனால் அது வியர்வையையும் தூசியையும் உள்வாங்குமாதலால், மெத்தையைக் கழற்றி மாற்றக்கூடிய ஹெட்போனை வாங்குதல் நன்று.

சுகமும் ஒலியும் ஒன்றுபடும் இடம் இம்மெத்தையேயாகும். மெத்தை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றித் தாழ்ந்த ஒலிகள் முழுமையாகச் செவியை அடையா. சிறு பிளவு இருந்தாலும் அவ்வழியே நெருக்குண்ட காற்று கசிந்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர் இதனைத் தாமே சோதித்தறியலாம். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் நடுவே சிறு வழியொன்றை ஆக்கிவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் பாட்டின் அடித்தள ஒலி கனத்து வருவதைக் கேட்கலாம். தலைமயிர் அடர்ந்திருத்தல், தாடை ஒடுங்கியிருத்தல், வளையம் தளர்ந்திருத்தல் ஆகியனவும் இவ்வாறே செய்யும். ஆகவே ஒருவர் கனமான ஒலி என்று புகழும் ஹெட்போன், மற்றொருவர் தலையில் மெலிந்து ஒலித்தால் இருவரும் பொய் சொல்வதாகாது. கருவி ஒன்றே, அது அமர்ந்த தலைகள் இரண்டு.

செவிமடலின் மேடுபள்ளங்களும் ஆளுக்காள் வேறுபடுகின்றன. அம்மேடுபள்ளங்களிற் பட்டு வரும் உயர்ந்த ஒலிகள் அவற்றிற்கேற்ப மாறுபடும். ஆயினும் சுவையெல்லாம் அவரவர் விருப்பம் என்று கைவிட்டுவிடவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஷோன் ஒலிவ், டொட் வெல்டி என்னும் ஆய்வாளர்கள் ஹார்மன் நிறுவனத்தில் நடத்திய சோதனைகளில், நல்ல அறையொன்றில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பது போன்ற சமநிலையைத் தரும் ஹெட்போனையே கேட்டவர்களிற் பெரும்பாலோர் விரும்பினர். பெயரும் விலையும் மறைக்கப்பட்டபோது மனிதரின் செவிகள் ஓரளவுக்கு உடன்படுகின்றன என்பது ஆறுதல் தரும் செய்தி.

வெளியோசையை அடக்குதல் வேறொரு துறை. 1978 இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்கு விமானத்திற் சென்ற அமர் போஸ் என்னும் பேராசிரியர், விமானத்தில் தந்த ஹெட்போனில் இசை எஞ்சினின் இரைச்சலில் அமிழ்ந்துபோனதைக் கண்டு, பயணத்தின்போதே மாற்றுவழியைக் கணக்கிடத் தொடங்கினார். வெளியோசையைச் சிறு ஒலிவாங்கி கேட்டு, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி, ஒன்றால் ஒன்றை அழிப்பதே அவ்வழி. 1989 இல் அவரது நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்போனை வெளியிட்டது. இன்று இம்முறை சாதாரண ஹெட்போன்களுக்கும் வந்துவிட்டது. பேருந்து எஞ்சினின் இடைவிடாத இரைச்சலை அது நன்கு அடக்கும். பக்கத்து இருக்கையிலுள்ளவரின் பேச்சை அவ்வளவுக்கு அடக்காது.

ஹெட்போன் ஒப்பீடு வெறும் பொழுதுபோக்கன்று என்பதை இவ்விடத்திலே சிந்தித்தல் வேண்டும். பொருந்தாத மெத்தையுடைய ஹெட்போனை அணிந்து பேருந்திற் செல்லும் மாணவன், தாழ்ந்த ஒலி கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறான். வீதியின் இரைச்சல் மிகும்போது இன்னுங் கூட்டுகிறான். செவியின் உள்ளே நத்தையோடு போன்ற சுருளில், ஒலியை நரம்புக்கு உணர்த்தும் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000 உள. பேரொலியால் அழிந்த கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அழிவு நிகழும்போது நோவும் தெரிவதில்லை. பல ஆண்டுகளின் பின், பலர் கூடிய இடத்தில் பேச்சு விளங்காதபோதே அது தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவின்படி வளர்ந்தோர் 80 தெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். சிறுவர்க்குரிய எல்லை 75 தெசிபெல். ஒலி 3 தெசிபெல் ஏறும்போதெல்லாம் காலம் பாதியாகக் குறையும். 83 தெசிபெல்லுக்கு 20 மணிநேரம், 86 க்கு 10 மணிநேரம், 89 க்கு 5 மணிநேரம் மட்டுமே. 3 தெசிபெல் வேறுபாட்டைச் செவி பெரிதாக உணராது. ஆனால் கணக்கு வளர்ந்துகொண்டே செல்லும். நன்கு பொருந்தி வெளியோசையைத் தடுக்கும் ஹெட்போனை அணிந்தவர் குறைந்த ஒலியிலேயே நிறைவு காண்பார். ஆதலால் இரைச்சலிடையே கேட்பவர்க்குச் சுகமான பொருத்தமும் செவியின் பாதுகாப்பும் ஒரே வழியால் வருவன.

இவற்றை மனத்திற் கொண்டு வாங்குவோர் செய்யத்தக்கவை சில உள. முதலில், எங்கே கேட்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். அமைதியான அறைக்குத் திறந்த வகையும், பேருந்துக்கும் பலர் வாழும் வீட்டுக்கும் மூடிய வகையும் ஏற்றன. அடுத்து, இரண்டை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருத்தல் வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்ததென மயங்கிக்கொள்ளும். நன்கு பழகிய பாட்டொன்றையும் பழகிய குரலின் பேச்சொன்றையும் கேட்டல் நன்று. பேச்சில் உள்ள செயற்கைத்தன்மை எளிதில் அகப்படும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடேயே சோதித்தல் வேண்டும். இரண்டு நிமிடத்திற் சுகமாயிருப்பது அரைமணியின் பின் உச்சியிற் குத்தக்கூடும். ஆகையால் இயன்ற அளவு நேரம் அணிந்து பார்த்தல் அவசியம். எச்.டி. 600 போன்ற 300 ஓம் தடங்கலுடைய ஹெட்போன்களுக்குக் கைத்தொலைபேசியின் வலு போதாமற் போகலாம் என்பதையும் முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

விலை உயர்ந்தது எல்லார்க்கும் பொருந்தும் என்பதும் இல்லை. விலை குறைந்தது குறையுடையது என்பதும் இல்லை. அணிந்தவர் அணிந்ததை மறந்து, ஒலியைக் கூட்டும் எண்ணமின்றி, ஒரு கச்சேரியை முற்றாகக் கேட்டு முடிப்பாராயின் அந்த ஹெட்போன் அவருக்கு உரியது. பிள்ளைகளுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதன் நிறத்தையும் பெயரையும் பார்க்குமுன், அது பிள்ளையின் காதில் இடைவெளியின்றி அமர்கின்றதா என்பதைத் தம் விரலால் தடவிப் பார்த்தல் நன்று. கருவி பழுதுற்றால் கடையில் வேறொன்று வாங்கலாம். செவிக்கு அவ்வாறு ஒரு கடை இல்லை.