காணாமற்போனோரும் காத்திருப்போரும்



பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலே சமயத்தைக் குறிப்பதற்கென்று ஒரு கட்டம் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அக்கட்டத்தை நிரப்பிக் கை சலித்தவன் நான். அத்தகைய ஒரு கட்டம் ஒரு மனிதன் வாழ்வதா மாள்வதா என்பதை முடிவு செய்த நாடு ஒன்றைப் பற்றி இன்று கூற விழைகிறேன்.

மத்தியதரைக் கடலின் கீழைக் கரையிலுள்ள சின்னஞ்சிறு நாடு லெபனான். அங்கே பதினெட்டுச் சமயப் பிரிவுகள் அரசின் ஏற்பைப் பெற்றவை. 1943-இல் கிடைத்த விடுதலைக்குப் பின், குடியரசுத் தலைவர் மாரோனியக் கிறித்தவர், தலைமை அமைச்சர் சுன்னி முஸ்லிம், பேரவைத் தலைவர் ஷியா முஸ்லிம் என்பது வழக்கமாயிற்று. இப்பங்கீட்டுக்கு அடிப்படை 1932-இல் எடுத்த குடிக்கணக்கு. பிறகு அத்தகைய கணக்கு எடுக்கப்படவே இல்லை. எண்ணினால் பங்கு மாறிவிடுமே என்னும் அச்சந்தான்!

1975-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அன்று மக்கள் வைத்திருந்த அடையாள அட்டையில் சமயப் பிரிவு குறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள், தம் தோழர் நால்வர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, கிறித்தவப் படையினர் பெய்ரூத் நகரச் சாலைகளை மறித்தனர். அட்டையைப் பார்த்துப் பார்த்து முஸ்லிம்களைக் கொன்றனர். மாண்டோர் நூற்றுக்கணக்கினர். மறுமாதமே கரந்தினாவில் முஸ்லிம்களும், தாமூரில் கிறித்தவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். எந்தத் தரப்பின் கையும் தூயதன்று.

இதே லெபனானைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர் சார்லஸ் மாலிக், 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கியவர்களுள் முன்னின்றவர் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கொல்லப்பட்டோருக்குக் கல்லறையேனும் உண்டு. கடத்தப்பட்டு, என்ன ஆயினர் என்றே தெரியாதவர்கள் ஏறத்தாழ 17,000 பேர் என்பர். 1982-இல் கணவரை இழுத்துச் சென்ற பின், வதாத் ஹல்வானி என்னும் ஆசிரியை, தம்மைப்போல் தவிப்போர் ஓரிடத்தில் கூடுமாறு வானொலி வழியே அழைப்பு விடுத்தார். நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தனர். எந்தச் சமயத்தவர் என்று அங்கே எவரும் எவரையும் கேட்கவில்லை.

போர் 1990-இல் ஓய்ந்தது. மறு ஆண்டே பொது மன்னிப்புச் சட்டம் பிறந்தது. சமயத் தலைவர்களையும் அரசியல் தலைவர்களையும் கொன்றவர்க்கு அதில் விலக்கு. எளிய குடிமகனைக் கொன்றவனுக்கோ மன்னிப்பு! படைத் தலைவர் பலர் அமைச்சர்களாயினர். அமைதிக்கு அது வேண்டியிருந்தது என்பாருளர். இருக்கலாம், ஆயினும் மகனைப் பறிகொடுத்தவளைக் கேளாமல் மன்னிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் தந்தது?

காணாமற்போனவர் இறந்தார் என்று பதிவுசெய்துகொள்ள 1995-இல் ஒரு சட்டம் வழிவகுத்தது. பலர் மறுத்துவிட்டனர். அவர்கள் நாடியது சான்றிதழன்று, செய்தி. 2014-இல் நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம், உண்மையை அறிவது குடும்பத்தாரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. 2018-இல் அதற்கெனத் தனிச் சட்டமும், 2020-இல் ஆணையமும் வந்தன. அதற்குள் காத்திருந்தே கண்மூடிய பெற்றோர் பலர்.

2024 டிசம்பரில் சிரியாவின் சிறைகள் திறக்கப்பட்டன. அங்கே கொண்டுசெல்லப்பட்டதாகக் கருதப்பட்ட லெபனானியர் பலர். பழைய புகைப்படங்களை எடுத்துக்கொண்டு உறவினர்கள் மீண்டும் தேடப் புறப்பட்டனர். மிகச் சிலரே திரும்பினர்.