முற்றுகைக்கு நடுவே கோவூர் கிழார்

போர் மூளும் நேரத்தில் ஊரறிந்த ஒருவர் எழுந்து வேண்டாம் என்று சொல்வது, தமிழ்நாட்டில் சினிமாவுக்கும் செய்தித்தாளுக்கும் வெகுகாலம் முந்திய வழக்கம். சங்க காலத்தில் அந்தப் பெயரும் புகழும் புலவர்களுக்கு இருந்தன. வேந்தனின் புகழ் வளர்வதும் தேய்வதும் அவர்கள் பாட்டால்தான். ஆகவே ஒருவருக்கொருவர் பகைவரான இரண்டு மன்னர்களின் வாசலும் அவர்களுக்குத் திறந்தே இருந்தது.

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இங்குள்ள வேல்கள் பீலி சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். கேட்பவனுக்குப் புகழ்ச்சி போலத் தோன்றும். உள்ளே இருப்பது எச்சரிக்கை. அதியமான் பெயர் பாட்டில் மட்டும் இல்லை. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டிலும் இருக்கிறது.

இந்த வரிசையில் தனித்து நிற்பவர் கோவூர் கிழார். சோழன் நலங்கிள்ளி தன் குலத்தவனான நெடுங்கிள்ளியை ஆவூரில் முற்றுகையிட்டான். முற்றுகை என்பது வல்லம், மேல்மலையனூர் பக்கத்து நேயர்களுக்குப் புதிய சொல் அல்ல. அவர்கள் நாள்தோறும் பார்க்கும் செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை முகலாயப் படை வளைத்துக் கிடந்தது. ஆவூருக்குள் யானைகளுக்குக் கவளம் இல்லை. குழந்தைகள் பாலுக்கு அழுதன. பெண்கள் தலையில் பூ இல்லை. இத்தனையையும் கேட்டுக்கொண்டு கதவடைத்துக் கிடப்பது நாணத்தக்கது, அறவழி என்றால் ஊரைக் கொடு, மறவழி என்றால் வெளியே வா என்று நெடுங்கிள்ளியின் முகத்துக்கு நேரே சொன்னார் புலவர்.

பிறகு முற்றுகை உறையூருக்கு நகர்ந்தபோது இருவரையும் பார்த்துப் பேசினார். எதிரில் நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன்; இருவர் கழுத்திலும் இருப்பது சோழரின் ஆத்தி மாலை. யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி. மகிழப்போவது மற்ற வேந்தர்கள். போர் கொடியது என்ற பொது அறிவுரை இதில் இல்லை. இந்த இருவருக்கு இந்தப் போரால் என்ன கேடு என்ற கணக்குத்தான் இருக்கிறது. அவர் பேச்சின் வலிமை அதுதான். ஆனாலும் நெடுங்கிள்ளி காரியாற்றில் மாண்டான்; 'காரியாற்றுத் துஞ்சிய' என்ற அடைமொழியோடுதான் புறநானூற்றில் நிற்கிறான்.

செஞ்சிக்குத் தென்மேற்கே திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் குடியின் கதையில் கோவூர் கிழாரின் சொல் வென்றது. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்தான். அழுத பிள்ளைகள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தார்கள். கூடியிருந்த புது முகங்களைக் கண்டு மருண்டார்கள். புலவர் அதை அப்படியே மன்னனுக்குக் காட்டினார். புறாவுக்காகத் தன்னையே தந்தவன் வழியில் வந்தவன் நீ, புலவரோடு சோற்றைப் பகிர்ந்து உண்டவர் வழியில் வந்தவர்கள் இவர்கள் என்றார். கேட்டபின் உன் விருப்பம் என்று முடித்தார். பிள்ளைகள் பிழைத்ததைப் பாட்டின் பழங்குறிப்பே சொல்கிறது.

கோவூர் கிழாரைப் போலவே, தன் மக்கள் இருவரை எதிர்த்துப் போருக்கு எழுந்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் தடுத்தார். நீ வென்றால் யாருக்கு நாட்டை விட்டுப் போவாய் என்பது அவர் கேள்வி.

நம் காலத்தில் அந்தப் புலவர்களின் இடத்தில் திரைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் போர் உச்சத்தை நோக்கிப் போன 2008-இல், அக்டோபர் 19 அன்று, தமிழ்த் திரையுலகம் இராமேசுவரத்தில் பேரணி நடத்தியது. நவம்பர் 1 அன்று நடிகர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இந்திய அரசு தலையிட்டுப் போரை நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. நலங்கிள்ளிக்குப் புலவரின் பாட்டு வேண்டியிருந்தது. கொழும்புக்கு இவர்களின் புகழ்மொழி வேண்டியிருக்கவில்லை. போர் 2009 மே மாதம் வரை நடந்தது.