கர்ப்ப காலத்தில் ஆபரேஷன்: பயம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

(சங்கத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் மயக்கவியல் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்திருக்கிறீர்கள், சுருக்கமாகவே பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் வலது பக்க வயிற்று வலியோடு வந்தார். குடல்வால் அழற்சி, உடனே ஆபரேஷன் என்றார் சர்ஜன். “மயக்க மருந்து குழந்தையைப் பாதிக்குமே, பார்த்துக்கொண்டு செய்யலாம்” என்று வீட்டார் தயங்கினார்கள். மறுநாள் அவர்கள் சம்மதித்தபோது குடல்வால் வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. தாய் பிழைத்தார். குழந்தை தங்கவில்லை.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆபரேஷன் என்றாலே முழு மயக்கம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. உடம்பில் தேவையான பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம். முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி இடுப்புக்குக் கீழே மரக்க வைக்கும். கை எலும்பு முறிந்தால் கழுத்துப் பக்கமோ அக்குளிலோ நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தும் ‘பிளாக்’ போதும். ஸ்பைனல் புதிய விஷயமும் அல்ல. 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் செய்து காட்டியது.

கர்ப்பிணிக்கு இதில் என்ன லாபம்? கர்ப்பத்தில் இரைப்பையில் இருப்பது எளிதாக எதுக்களிக்கும். முழு மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. தொண்டையும் சற்று வீங்கியிருப்பதால் மூச்சுக்குழாய் போடுவது சிரமம். மரக்க வைக்கும் முறையில் தாய் விழித்திருந்து தானே மூச்சு விடுகிறார். ஸ்பைனலுக்கு மருந்தின் அளவு மிகக் குறைவு என்பதால் குழந்தைக்குப் போவதும் மிகச் சொற்பம்.

ஸ்பைனலில் ரத்த அழுத்தம் இறங்கலாம். குழந்தைக்குப் போகும் ரத்தம் தாயின் அழுத்தத்தை நம்பியிருப்பதால், நாங்கள் பக்கத்திலேயே நின்று மருந்து கொடுத்துச் சரிசெய்வோம். 20 வாரத்துக்கு மேல் என்றால், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தாதபடி இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைப்போம்.

“முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி” என்பது உண்மையல்ல. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு.

எல்லோருக்கும் இது பொருந்தாது. லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான். ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தாலோ ஸ்பைனல் ஆபத்து. அப்போது முழு மயக்கத்துக்கும் பயப்பட வேண்டாம். இன்று பயன்படும் மயக்க மருந்துகள் வழக்கமான அளவில் குழந்தைக்கு ஊனம் உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. கருவுக்கு ஆபத்து பெரும்பாலும் நோயிலிருந்துதான் வருகிறது.

ஆகவே: தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் எந்த மாதமானாலும் தள்ளிப்போடாதீர்கள். ஓரளவு காத்திருக்கலாம் என்றால் நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம்.

மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டியவை: எத்தனை வாரம், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள், எது ஒத்துக்கொள்ளாது. நாள் தள்ளிப்போயிருந்தால், கர்ப்பம் உறுதியாகாவிட்டாலும் சொல்லுங்கள். பிறகு, “மரக்க வைத்தே செய்ய முடியுமா டாக்டர்?” என்று மயக்கவியல் மருத்துவரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டோம்.

டீ ஆறுவதற்குள் உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.