முத்துப்பட்டன் தைத்த செருப்பு

அவைத்தலைவர் அவர்களே, பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் உறுப்பினர்களே, மல்லாங்கிணற்றுப் பெருமக்களே!

தலைவனும் தலைவியும் தம்முள் ஒத்தவராக இருத்தல் வேண்டும் என்பது பழந்தமிழ் இலக்கணம் வகுத்த நெறி. அவ்வொப்புமைக்குரிய பத்துப் பண்புகளை மெய்ப்பாட்டியலில் எண்ணும் தொல்காப்பியர் பிறப்பையும் குடிமையையும் முதலிரண்டு இடங்களில் நிறுத்துகிறார். காமத்திற்கு வாயிலாகிய அன்பு ஆறாவதாக வருகிறது, செல்வம் பத்தாவது. இந்த வரிசை தற்செயலானதன்று.

விதி இருந்ததென்றால் மீறலும் இருந்தது என்பது வெளிப்படை. நற்றிணையின் 45 ஆம் பாட்டில் கடுந்தேருடைய செல்வர் மகன் ஒருவன் பரதவர் மகளை விரும்பி வருகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். இவள் மீன் பிடிப்போர் மகள், எங்கள்மேல் புலால் நாறும், எட்டி நில் என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். அத்துடன் அமையாது, எம்மவருள்ளும் தலைமை உடையோர் உளர் என்று முடிக்கிறாள். உரையாசிரியர்கள் இதனைச் சேட்படை என்று ஒரு துறைக்குள் அடக்குவர். ஆயினும் தாழ்ந்தோர் எனப்பட்டவர் பக்கத்திலிருந்து எழுந்த மறுப்பு ஒன்று அப்பாட்டில் கேட்கிறது. அந்த மறுப்பின் குரல் பல நூற்றாண்டு கழித்து, ஏட்டிலக்கியத்தில் அன்று, கதைப்பாடலில் மீண்டும் கேட்கிறது. அதற்கு உரியவன் வாலப்பகடை.

முத்துப்பட்டன் கதை நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாக வழங்குவது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த இக்கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் 1971 இல் வெளியிட்டது. எழுவர் உடன்பிறந்தாருள் இளையவனாகிய முத்துப்பட்டன் அந்தணன். தமையன்மாரோடு மாறுபட்டுக் கொட்டாரக்கரைக்குச் சென்று அரசனிடம் ஊழியம் செய்கிறான். பின்னர் அவர்கள் தேடி வந்து அழைத்துச் செல்லும் வழியில், காட்டில் இரு பெண்களின் பாட்டொலி கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா என்னும் அவ்விருவரும் மாடு காக்கும் வாலப்பகடையின் மக்கள். செருப்புத் தைக்கும் குலம். கதை சக்கிலியர் என்று குறிக்கும் அம்மக்கள் இன்று அருந்ததியர் எனப்படுவர்.

பட்டன் தந்தையிடமே சென்று பெண் கேட்கிறான். அவன் உயர்குலத்தான் ஆதலின் அத்தந்தை மகிழ்ந்து தலைவணங்குவான் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். வாலப்பகடை அஞ்சுகிறான், சினக்கிறான், ஐயுறுகிறான். மேற்குலத்து ஆண் காட்டு வழியில் கண்ட பெண்ணை விரும்புவதும் பின் மறப்பதும் அவன் அறியாதவை அல்ல. ஆகவே அவன் ஒரு நிபந்தனை விதிக்கிறான். குடுமியை அறுத்தல் வேண்டும். பூணூலைக் களைதல் வேண்டும். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் கொண்டு வருதல் வேண்டும்.

காவியங்களில் மகட்கொடைக்கு விதிக்கப்படும் சோதனைகள் வில்லை வளைத்தலும் காளையை அடக்கலும் போன்றன, வீரத்தைக் காட்டுவன. இங்கே கேட்கப்படுவது வேலை. மகளிரின் குலம் எத்தொழிலால் இழிவென்று ஒதுக்கப்பட்டதோ அத்தொழிலைக் கையால் செய்து காட்டச் சொல்கிறான் வாலப்பகடை. சொல்லால் வரும் காதலை அவன் நம்பவில்லை. அவன் உலகறிவு அவ்வளவு!

கிணற்றைப் பெயரிலேயே கொண்ட இவ்வூரார்க்குத் தோல்தொழிலின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. மின்விசைப் பொறிகள் வருமுன் இக்கரிசல் பூமியில் கமலை இறைத்தே தோட்டப்பயிர் விளைந்தது. கமலைச் சாலின் அடியில் கட்டும் தோல்வால் கிழிந்தால் இறைவை நின்றுவிடும், பயிர் வாடும். அதனைத் தைத்துக் கொடுத்தவர் கைபட்ட நீரே வயலெங்கும் பாய்ந்தது. அவர் வீட்டு நீரை வாங்கிக் குடிப்பது மட்டும் தீட்டாயிற்று. இம்முரண்பாட்டைக் கதைப்பாடல் ஒரு நிபந்தனைக்குள் வைத்துவிட்டது எனலாம்.

பட்டன் அந்நிபந்தனைக்கு இசைகிறான். தமையன்மார் தடுக்கின்றனர்; கல்லறையில் அடைத்தும் பார்க்கின்றனர். அவன் தப்பி வெளியேறிக் குடுமியையும் பூணூலையும் நீக்கித் தோல்வேலை பயின்று செருப்போடு வந்து நிற்கிறான். மணம் நிகழ்கிறது. அன்றிரவே மாமனார் காத்த ஆநிரையைக் கள்வர் கவர்ந்து செல்ல, மணக்கோலம் கலையுமுன் பட்டன் போருக்குச் செல்கிறான். வென்ற பின்னர், மறைந்திருந்த ஒருவனால் குத்துண்டு மடிகிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கின்றனர். ஆநிரை மீட்டு மடிந்தோனுக்குக் கல் நட்ட பழைய கரந்தை மரபு, அந்தணனாகப் பிறந்து பகடைக்கு மருமகனானவனிடம் வந்து சேர்ந்திருப்பது நோக்கத்தக்கது.

இதனோடு வைத்து நோக்குதற்கு ஏற்றதாய், கடல் கடந்த நாட்டுக் கதை ஒன்று உண்டு. ஜப்பானிய எழுத்தாளர் யசுநாரி கவபட்டா, 1968 இல் நோபல் பரிசு பெற்றவர், 1926 இல் வெளியிட்ட ‘இசுவின் நடனக்காரி’ என்னும் கதை அது. தோக்கியோவின் உயர்பள்ளி மாணவன் ஒருவன் இசு தீபகற்பத்தில் ஊர்சுற்றும் கூத்தாடிகளுடன் நடக்கிறான். அவர்களுள் ஓர் இளம்பெண்பால் அவன் மனம் செல்கிறது. வழியில் சிற்றூர்களின் நுழைவாயிலில், இரப்போரும் கூத்தாடிகளும் உள்ளே வரலாகாது என்ற பலகைகள் நிற்கின்றன. அந்நாட்டில் 1898 ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் திருமணத்திற்குக் குடும்பத் தலைவரின் இசைவை வேண்டியது. 1947 இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பே இருவர் உடன்பாடு போதும் என்றது.

அக்கதையில் மாணவன் தன் பள்ளித் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுச் சாதாரணத் தொப்பி ஒன்றை வாங்கி அணிகிறான். அவர்களுள் ஒருவனாக வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. சிமோதா துறைமுகத்தில் பிரியும்போது அத்தொப்பியைக் கூத்தாடிகளுள் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து பள்ளித் தொப்பியை எடுத்துச் சுருக்கம் நீக்குகிறான். கப்பலில் அழுகிறான். அவனை யாரும் தடுக்கவில்லை, அடைக்கவில்லை, குத்தவில்லை. திரும்பிப் போக அவனுக்கு ஓர் இடம் இருந்தது, அவ்வளவே. கழற்றிய தொப்பியை மீண்டும் அணியலாம். அறுத்த குடுமியும் பூணூலும் அத்தகையன அல்ல. கவபட்டாவின் கதை கலையழகில் சிறந்தது என்பதில் ஐயமில்லை. வாலப்பகடை மட்டும் அம்மாணவனுக்குப் பெண் கொடுத்திருக்க மாட்டான்.

இனி, நம் கதைகளுக்கு நேர்ந்ததைக் காண வேண்டும். முத்துப்பட்டன் கதையின் சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணப் பெண்களே, காட்டில் கிடந்தோரை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்றொரு பிறப்பு வரலாறு காணப்படுகிறது. இதனைப் பிற்சேர்க்கை என்று கொள்வதே பொருந்தும். கதையின் முழுவிசையும் அந்நிபந்தனையில் இருக்க, அந்தணன் ஒருவன் அந்தணப் பெண்களை மணக்கவா செருப்புத் தைக்கப் பயின்றான்? மதுரை வீரனுக்கும் இதுவே நேர்ந்தது. பாளையக்காரர் பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மியை மணந்தவனைக் காசி மன்னன் மகன் ஆக்கினர். 1956 இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படமும் அவ்வழியே சென்றது. ஆரியமாலையை விரும்பிக் கழுவேறிய காத்தவராயன் சிவன் மகனானான்.

இம்மாற்றங்களை வெறும் கற்பனை என்று விடுதல் ஆகாது. காதலரைக் கொன்றவர்க்கு அச்சம் உண்டு. ஆதலின் கோயில் எடுக்க இசைந்தனர். மீறல் நிகழ்ந்ததென்று ஒப்ப மட்டும் மனம் இல்லை. ஆதலின் பிறப்பை மாற்றினர். இதில் மிகுதியாக இழந்தவன் வாலப்பகடை. கொள்ளையர் அவன் மருமகனைக் கொன்றனர், தீ அவன் மக்களைக் கொண்டது. பின் வந்த பாடகர் அவ்விருவரும் அவன் மக்களே அல்லர் என்றனர்.

திருமணத்திற்கு வயது வந்த இருவரின் இசைவே போதும், குடும்பமோ சாதியோ இசைய வேண்டுவதில்லை என்று 2018 இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. அத்தீர்ப்புக்குப் பின்னரும் தமிழ்நாட்டில் இத்தகைய கொலைகள் நின்றபாடில்லை. இன்று கொல்லப்படுவோர்க்குக் காசி மன்னரைத் தந்தையாக்கிப் பாடுவார் இல்லை. அவர்கள் பிறப்பு ஊரறிந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்தருகே நிற்கும் வீரனை வணங்கிவிட்டு வரும் பெற்றோர், தம் மகள் பொம்மியாகிவிடலாகாதே என்று அஞ்சுவதும் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் அவ்வீரனைக் காவல் தெய்வமாகக் கொண்டோர் உளர். அக்கதையை முழுமையாகச் சொல்லக்கூடிய முதியோர் அவர்களுள் இருப்பின், அரசமகன் என்ற பகுதியை அவர்கள் எப்படிச் சொல்கின்றனர் என்று கேட்டு எழுதுவது இலக்கிய வட்டம் மேற்கொள்ளத் தக்க பணியாகும்.

பாபநாசம் மலைமேல் காரையாற்றங்கரையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயன் என்னும் பெயரில் தேவியர் இருவருடன் நிற்கிறான். ஆடி அமாவாசையில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். பிற கோயில்களில் வாயிலுக்கு வெளியே கழற்றி விடப்படும் செருப்பு அவன் முன்னிலையில் காணிக்கை. புதிதாகத் தைத்துக் கொண்டு வந்து கட்டுகின்றனர். அடுத்த ஆண்டு சென்று நோக்கின் அச்செருப்புகள் யாரோ அணிந்து நடந்தவை போலத் தேய்ந்திருக்கும் என்று அங்குள்ளோர் சொல்வர்.