கண்ணை அகற்றச் சம்மதிக்கலாமா?

(ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)



2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்ற பெயர் நம் வீடுகளை நடுங்க வைத்தது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 3,000க்கும் அதிகமானோர் மரணமுற்றனர். அந்த அலை ஓய்ந்தது, இந்நோய் ஓயவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதோரை இது முன்னரும் தாக்கியது, இன்றும் தாக்குகிறது.

"அல்லாஹ் தந்த கண்ணை அகற்ற ஒரு முஸ்லிம் சம்மதிக்கலாமா, ஹஜ்ரத்?" என்று என்னிடம் கேட்கப்பட்டதுண்டு. விடை கூறுமுன் நோயின் போக்கை அறிய வேண்டும்.

இப்பூஞ்சையின் நுண்வித்துகள் மண்ணிலும் மக்கிய இலைதழைகளிலும் காற்றிலும் உள்ளன. அவற்றை நாம் சுவாசித்தாலும் உடலின் காவலணுக்கள் அழித்துவிடுகின்றன. சர்க்கரை மிகுந்து இரத்தத்தில் அமிலம் சேரும்போதும், ஸ்டீராய்டு மருந்தை அளவின்றி உட்கொள்ளும்போதும் அக்காவல் தளர்கிறது. அப்போது மூக்கை ஒட்டிய காற்றறைகளாகிய சைனஸில் பூஞ்சை வேர்விடுகிறது. சைனஸிற்கும் கண்குழிக்கும் இடையே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்பே. அதைக் கடந்தால் கண், அதற்கப்பால் மூளை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. நோயாளியை ஒதுக்கிவைப்பது அநீதி.

கருப்பு என்பது பூஞ்சையின் நிறமன்று. அது இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிட, இரத்தமின்றிச் செத்த சதையே கருக்கிறது. இரத்தம் செல்லாத இடத்திற்கு ஆம்போடெரிசின் மருந்தும் சென்று சேராது. அதனாலேயே கத்தி தேவைப்படுகிறது. நரம்பு செத்து வலி குறைவதைக் குணமென்று எண்ணி வீட்டில் இருந்துவிடுவோரும் உண்டு!

ஒரு பக்க மூக்கடைப்பு, கருநிறச் சளி, கன்னம் மரத்துப்போதல், கண் வீக்கம், இரட்டைப் பார்வை, மேற்பல் ஆட்டம் ஆகியவற்றுள் ஒன்று சர்க்கரை நோயாளிக்குத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஓதிப் பார்ப்பது பிறகு ஆகட்டும். அதற்காக என்னிடம் வருவோரையும் முதலில் அங்கேதான் அனுப்புகிறேன்.

இனி மார்க்கச் சட்டம். உடல் அல்லாஹ்வின் அமானிதம். காரணமின்றி அதைச் சிதைப்பது ஹராம். ஆனால் உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் அத்தடை நீங்குகிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகனும் மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவருமாகிய உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் கால் அழுகியபோது, அது மேலும் பரவாதிருக்க வெட்டியெடுக்க அவர்கள் இசைந்ததை வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். நம்மைவிட மார்க்கம் அறிந்தவரன்றோ அவர்! ஆகவே, வேறு வழியில்லை என்று தேர்ந்த மருத்துவர் கூறினால் சம்மதியுங்கள். எல்லா நோயாளிக்கும் கண் எடுக்கப்படுவதில்லை. விரைந்து சென்ற பலருக்குக் கண் காக்கப்பட்டுள்ளது.

அறுவை செய்துகொண்டவர் மூக்கிற்கு நீர் செலுத்துவதை மருத்துவர் தடுத்தால் உளூவில் விட்டுவிடலாம், அது சுன்னத்தே. கட்டு இருப்பின் அதன்மீது ஈரக்கையால் தடவ அனுமதி உண்டு. கடமையான குளிப்பில் ஹனஃபி, ஷாஃபிஈ சட்டங்களிடையே வேறுபாடு இருப்பதால், தேவைப்படுவோர் தனியே வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.