டாக்டராக வேண்டுமா? நான்காம் படிவத்திலேயே விழித்துக்கொள்ளுங்கள்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கு ஜோர்ஜ்டவுனில் ஏதாவது ஒரு தமிழ் வீட்டுக்குப் போய், ஆறு வயதுப் பிள்ளையிடம் "பெரிய பிள்ளையானதும் என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "டாக்டர்" என்று பதில் வரும். பிள்ளை வாய் திறக்காவிட்டால் பாட்டி முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அதே பிள்ளையிடம் பத்தொன்பது வயதில் அதே கேள்வியைக் கேட்டால், பல வீடுகளில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அந்தக் கனவு எங்கே தட்டுப்பட்டது? பிள்ளைக்கு மூளை போதவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். நடப்பது பெரும்பாலும் அதுவாக இருப்பதில்லை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாற்றுவேலை. மகள் கெட்டிக்காரி. மூன்றாம் படிவம் முடியும் நேரத்தில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வருகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்தப் பாடங்களை எடுக்கப் போகிறாள் என்று அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இரண்டே வழி. அறிவியல் பிரிவில் போட்டுவிட்டால் உயிரியலும் பௌதிகமும் பெரும்பாலும் தானாக வந்து சேர்ந்துவிடும். 2020ஆம் ஆண்டு முதல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டு, பாடத் தொகுதி முறை வந்துவிட்டது. சுதந்திரம் கூடியிருக்கிறது, தவறு செய்யும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. "பௌதிகம் கஷ்டமாம்மா, தோழிகள் யாரும் எடுக்கவில்லை" என்கிறாள் மகள். வேலை முடிந்து களைத்து வந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். மருத்துவக் கல்லூரியின் கதவு அந்த வீட்டில் அன்றைக்கே சாத்தப்பட்டுவிட்டது. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

மலேசிய மருத்துவ மன்றம் விதித்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி என்ன? எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம் ஆக ஐந்திலும் குறைந்தது 'பி' பெற்றிருக்க வேண்டும். இது வாசற்படி மட்டுமே. இதை வைத்துக்கொண்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்க முடியாது. ஆனால் இது இல்லாமல் தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேரவும் முடியாது, வெளிநாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து இங்கே பதிவு கேட்கவும் முடியாது. பணம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நினைக்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, மகள் பௌதிகத்தையும் எடுத்தாள், எஸ்.பி.எம்.மில் 'ஏ'க்களாக வாங்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அவள் ஒரு முச்சந்தியில் நிற்கிறாள். ஒரு பாதை மெட்ரிகுலேஷன். கல்வியமைச்சு நடத்துவது, இரண்டு செமஸ்டர், ஓராண்டில் முடிந்துவிடும். பினாங்குக்காரர்களுக்குக் கெப்பாலா பத்தாசிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. இன்னொரு பாதை ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டு படித்து, மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் எஸ்.டி.பி.எம். எழுத வேண்டும். 2012 முதல் அதை மூன்று தவணையாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்கு முன்பு படித்ததையெல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியிருந்தது. ஒன்றை ஒரு அமைப்பும் மற்றொன்றை வேறொரு அமைப்பும் நடத்துகின்றன. பாடத்திட்டம் வேறு, கால அளவு வேறு, மதிப்பெண் போடும் கை வேறு. கடைசியில் இரண்டு பேரும் 4.0 என்ற ஒரே எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரே மருத்துவ இடத்துக்காக ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

எஸ்.டி.பி.எம். எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் இத்தனை ஆண்டுகளாகக் குமுறுவது இதற்காகத்தான். அந்தக் குமுறலில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக நுழைவில் இன அடிப்படையிலான ஒதுக்கீடு நீக்கப்பட்டுத் தகுதி அடிப்படை வந்துவிட்டதாக 2002இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தகுதியை அளக்கும் கோல் இரண்டாக இருந்தது. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாத மாணவர்களுக்குப் பத்து விழுக்காடு இடம் 2003இல் திறந்துவிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே பிரச்சினை நடுவீதிக்கு வந்தது.

2004ஆம் ஆண்டு பலருக்கு நினைவிருக்கும். எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுமையான 4.0 பெற்ற 128 மாணவர்களுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் கிடைக்கவில்லை. நாட்டில் அதற்கு மேல் மதிப்பெண் எடுக்க வழியே இல்லாத பிள்ளைகள் அவர்கள். கேட்ட படிப்புக்குப் பதிலாக வேறு படிப்பு வந்து நின்றது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்ற வித்தியாசமில்லாமல் குரல் எழும்பியது. உயர்கல்விக்கென்று தனி அமைச்சு பிறந்து சில மாதங்கள்கூட ஆகாத நேரம் அது. அமைச்சரவை தலையிட்ட பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 128 பேரும் எண்ணிக்கையாகச் சேர்ந்ததால், செய்தியானதால், வழி பிறந்தது. அதற்கு முன்பும் பின்பும் தனித்தனியாக ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று விடுபட்டவர்களுக்கு யார் கூட்டம் கூட்டினார்கள்? மேல்முறையீட்டுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சேவை மையம் சேவை மையமாக ஏறி இறங்கிய அப்பாக்களைப் பினாங்கிலும் பிறையிலும் நிறையவே பார்க்கலாம். மேல்முறையீட்டுக்குக் கொடுக்கப்படும் அவகாசம் சில நாள்கள்தான். தலைவரைப் பார்க்கக் காத்திருந்தே அந்த நாள்களைத் தொலைத்தவர்கள் உண்டு.

மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் அது 2,200 ஆனது. 2019இல் மொத்த இடங்கள் 25,000லிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் தொண்ணூறுக்குப் பத்து என்ற கணக்கு அப்படியே இருந்தது. எஸ்.பி.எம்.மில் பத்து 'ஏ'வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஒவ்வொரு ஆட்சியிலும் ஒரு எண் மாறுகிறது. ஓட்டப்பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எல்லைக்கோட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தால் எப்படி இருக்கும்?

இரண்டு அளவுகோல் என்ற இந்தத் துன்பம் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 1,200க்கு 1,176 பெற்றார். ஆனால் அந்த ஆண்டு மருத்துவ இடம் 'நீட்' என்ற பொது நுழைவுத் தேர்வின்படி என்றாயிற்று. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த அவருக்கு அதில் கிடைத்தது 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடிப் பார்த்தார். வழி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல்தான் வந்தது. பிள்ளைகளுக்கு மதிப்பெண் வந்த நாளன்றும், பல்கலைக்கழக முடிவு வந்த நாளன்றும் பெற்றோர் வீட்டில் இருங்கள். விடுப்புக் கேட்டாவது இருங்கள். உறவுக்காரர்களின் தொலைபேசிக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

மதிப்பெண் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் தேர்வுக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்தப் பத்தில்தான். சனிக்கிழமை சாரணர் இயக்கம் என்றால், "டியூஷன் இருக்கிறது, போகாதே" என்கிறோம். எல்லோரும் 4.0 வைத்திருக்கும் வரிசையில், அந்தப் பத்து மதிப்பெண்தான் முன்னால் நிற்பவரையும் பின்னால் நிற்பவரையும் பிரிக்கிறது. அப்புறம் நேர்முகத் தேர்வு. "ஏன் டாக்டராக வேண்டும்?" என்று கேட்டால், "ஏழைகளுக்குச் சேவை செய்ய" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அரசாங்க மருத்துவமனையில் ஒரு நாள் யாருக்காவது துணையாக உட்கார்ந்திருக்கிறாயா என்று அடுத்த கேள்வி வந்தால் திணறல்தான்.

அரசாங்க இடம் கிடைக்கவில்லை, இனி என்ன? பினாங்கிலேயே, சிப்பாய் லைன்ஸ் சாலையில், 1996இல் தொடங்கப்பட்ட பினாங்கு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அயர்லாந்தின் இரண்டு கல்வி நிலையங்களோடு கைகோத்து நடப்பது, இப்போது ஆர்.சி.எஸ்.ஐ. - யு.சி.டி. மலேசிய வளாகம் என்று பெயர். முதல் பகுதிப் படிப்பு டப்ளினில், மருத்துவமனைப் பயிற்சி பினாங்கில் என்பது அதன் பெயர்பெற்ற ஏற்பாடு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கட்டணம் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கெடாவுக்குப் போனால், ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 2001இல் உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். அதை எழுப்பியவர்களைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம்; அங்கே படித்த தமிழ் டாக்டர்கள் இன்று நாடு முழுதும் பணியாற்றுகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. வேடிக்கை என்னவென்றால், பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1979இல் தன் மருத்துவப் பள்ளியை இங்கேதான் தொடங்கியது. அது பிறகு கிளந்தான் குபாங் கிரியானுக்குப் போய்விட்டது. பினாங்குப் பிள்ளை பினாங்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கக் கிளந்தானுக்குப் பஸ் ஏற வேண்டும்!

தனியார் கல்லூரி என்றால் லட்சக்கணக்கில் வெள்ளி. பி.டி.பி.டி.என். கடன், எம்.ஐ.இ.டி. கடன், அப்பாவின் ஊழியர் சேமநிதி, அம்மாவின் தாலிக்கொடி, கடைசியில் வீடு என்று ஒவ்வொன்றாகப் போகும். வீட்டை விற்பதற்கு முன், மற்ற பிள்ளைகளையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். மூத்தவன் டாக்டரானான், இளையவள் ஐந்தாம் படிவத்தோடு நின்றாள் என்ற கதைகளும் நம் சமுதாயத்தில் இருக்கின்றன. அதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

வெளிநாடு? முந்திய தலைமுறையில் பலர் மணிப்பாலுக்கும் சென்னைக்கும் போய்ப் படித்து வந்தார்கள். பிறகு முகவர்கள் வந்தார்கள், குறைந்த கட்டணம் என்று விளம்பரம் வந்தது. உக்ரேனிலுள்ள கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நம் பிள்ளைகள் ஏராளமாகப் போனார்கள். 2005இல் மலேசிய மருத்துவ மன்றம் அதன் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்ள முடிவெடுத்தபோது, பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டிருந்த வீடுகளில் பல இரவுகள் தூக்கம் இல்லை. ஆகவே பணம் கட்டும் முன்பே, 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முகவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம், மன்றத்திடமே கேளுங்கள். உயர்கல்வி அமைச்சின் தடையில்லாச் சான்றிதழைப் பயணத்துக்கு முன்பே வாங்குங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தால், திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கும்.

ஜோர்ஜ்டவுனின் ஒரு பழைய கதையை இங்கே சொல்லலாம். பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1879இல் இங்கே பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் வென்று கேம்பிரிட்ஜ் போனார். திறமையோடு திரும்பி வந்தவருக்கு, ஐரோப்பியர் அல்லாதவர் என்பதால் காலனி அரசின் மேல்நிலை மருத்துவப் பதவி கிடைக்கவில்லை. சூலியா வீதியில் சொந்தமாக மருத்துவமனை வைத்தார். பிறகு சீனாவுக்குப் போய், 1910-11இல் மஞ்சூரியாவைச் சூறையாடிய கொள்ளைநோயை அடக்கியவர் அவர்தான். முகக்கவசத்தை முன்னிறுத்தியவரும் அவரே. கோவிட் காலத்தில் உலகமே அவர் பெயரை மறுபடி தேடியது. பினாங்கு இழந்ததை மஞ்சூரியா பெற்றது.

இன்றைக்கும் அந்தக் கணக்கு முடியவில்லை. எல்லாத் தடையும் தாண்டிப் பட்டம் வாங்கியவர்களுக்கு 2016 டிசம்பரிலிருந்து ஒப்பந்த அடிப்படையில்தான் அரசாங்க வேலை என்றானது. 2021 ஜூலை 26ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்தபோதே, ஒப்பந்த டாக்டர்கள் நாடெங்கும் வெளிநடப்புச் செய்தார்கள். சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டவர்கள் நிறைய. இதையெல்லாம் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அவள் "டாக்டராகத்தான் ஆவேன்" என்றால், அந்தப் பிள்ளைக்குத் தோள் கொடுங்கள்.

மூன்றாம் படிவத்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர்கள், அந்தப் பாடத் தொகுதித் தாள் வீட்டுக்கு வந்ததும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு நாள் வேலைக்கு விடுப்புப் போட்டுப் பள்ளிக்குப் போய், வழிகாட்டி ஆசிரியரைப் பாருங்கள். உயிரியல், வேதியியல், பௌதிகம், கூடுதல் கணிதம் நான்கும் அந்தத் தொகுதியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லை என்றால், இருக்கிற தொகுதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பள்ளியில் அப்படியொரு தொகுதியே இல்லை என்றால், பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள்.